கண்ணாடி வைத்த புகைக்குழாய்

ரௌஷன் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி குளிர். முற்றத்துப் பனியை ஒதுக்கி, கராஜ் கதவு வரைக்கும் வழி செய்து வைத்திருந்தாள். நான்கு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவு அது. திறந்ததும் பழைய ஆயிலும் ஈரத் துருவும் கலந்த வாடை மூக்கில் ஏறியது.

உள்ளே கார் இல்லை. மூலையில், நான் போட்டுக் கொடுத்த இரும்பு அடுப்பு நின்றது.

"இங்க உக்காந்து மெத்தை தைக்கப் போறேண்ணே. ஆறு கல்யாண ஆர்டர் வந்திருக்கு. வீட்டுல கைய நீட்ட இடமில்ல. அடுப்ப மட்டும் பாத்துக் குடுத்துடுங்க," என்றாள்.

அடுப்பு போடுவது என் தொழில். அடுப்புக்கு விதி சொல்வதிலும் எங்கள் பேட்டையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றும் ஆரம்பித்தேன்.

"அந்தப் பெட்ரோல் கேன் ரெண்டும் மொதல்ல வெளிய போகணும். காலிக் கேனுதானேன்னு சொல்லாத, காலியானதுதான் வெடிக்கும். பஞ்சு மூட்டைய அடுப்புலேருந்து மூணு அடி தள்ளி வை. சாம்பல மூடி போட்ட இரும்பு வாளியில அள்ளி வெளிய பனியில வை, அட்டைப் பெட்டியில கொட்டாத. கதவுல விரல் நுழையற அளவு சந்து இருக்கட்டும். முக்கியமா, இங்க படுத்துத் தூங்காத."

"மூச்சு விடலாமாண்ணே?"

சிரித்தோம். பிறகு அவள் பார்வை குழாயிலிருந்த அடைப்புத் தகட்டில் போய் நின்றது. சிரிப்பு போய்விட்டது.

கதகதப்பு வீணாகாமல் இருக்கக் குழாயை மூடுகிற தகடு அது. தணலில் நீலச் சுடர் அடங்குவதற்கு முன் மூடினால் விஷக்காற்று அறைக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. அவள் புருஷன் எர்கின் அப்படித்தான் இதே இடத்தில் செத்தான் என்று ஊர் சொல்கிறது. தகட்டை மூடியவள் ரௌஷன் என்றும் சொல்கிறது. கொலைகாரியிடம் பிள்ளை வளரக் கூடாது என்று மாமியார் அவள் மகள் அய்சுலுவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் சொல்வது பொய். அது எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் புது அடுப்பில் முதல் புகை எழும்போது, அடுப்பு போட்டவனை உட்கார வைத்து முதல் கோப்பையை அவனுக்குத்தான் ஊற்றுவார்கள். எர்கின் அன்று எட்டுப் பேரைக் கூட்டி வைத்திருந்தான். கோப்பையை என்னிடம் நீட்டி, நான் கையை நீட்டியதும் அதைத் தன் நாயின் கிண்ணத்தில் கவிழ்த்தான். "இந்த அடுப்ப விட இது நல்லா மூச்சு இழுக்கும்," என்றான். எட்டுப் பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஒரு மாதம், சந்தையில் என்னைக் கண்டவனெல்லாம் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கிக் காட்டினான்.

அவமானப்பட்ட அடுப்புக்காரனுக்கு ஒரு பழைய வழி உண்டு. குழாயின் வாயில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து விளிம்பில் களிமண் பூசிவிடுவது. கீழிருந்து பார்த்தால் வானம் தெரியும், புகை மட்டும் போகாது. வீட்டுக்காரன் மண்டையைப் பிய்த்துக்கொண்டு கடைசியில் நம்மிடமே வந்து கெஞ்சுவான்.

ஒரு மாலையில் கூரையேறி அதைச் செய்தேன். குழாயில் புகை இல்லை. அடுப்பு அணைந்துவிட்டது, ஆள் வீட்டுக்குள் போயிருப்பான் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே தணல் இருந்தது. அதன் பக்கத்தில் கட்டில் போட்டு எர்கின் தூங்கிக்கொண்டிருந்தான்.

காலையில் ரௌஷனின் அலறல் கேட்டு எல்லாரும் கதவுக்கு ஓடினார்கள். நான் கூரைக்கு ஓடினேன். கண்ணாடியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு இறங்கி வந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டீ குடுக்க வந்தப்ப தகட்டப் பாதிதாண்ணே மூடினேன். பாதிதான்!"

"பாதி போதும்மா," என்றேன்.

ரௌஷன் கராஜைத் திறந்துவிட்ட அந்த நாளில் அடுப்பின் குறையெல்லாம் பார்த்து, குழாயைத் தட்டிச் சுத்தம் செய்து, பிர்ச் விறகு வைத்துப் பற்றவைத்தேன். நன்றாகத்தான் இழுத்தது. மதியத்துக்குள் விறகு தணலாகிவிட்டது. ரௌஷன் டீயும் பொரித்த மாவு உருண்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அய்சுலுவுக்குப் பன்னெண்டு வயசாச்சுண்ணே. நேத்து போன் பண்ணி, நீதான் அப்பாவக் கொன்னியான்னு கேட்டா. நாளைக்குச் சொல்றேன்னு வெச்சுட்டேன். தெரிஞ்சவரு நீங்க, நெஜமாச் சொல்லுங்க. பாதி மூடினா ஆள் செத்துடுமா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

கூரையில் தகரம் முனகியது.

தட். தட்.

"பனி சரியுதும்மா," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இழுப்பைச் சோதிக்க, காகிதம் ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாயருகே பிடித்தேன். சுடர் உள்ளே சாய வேண்டும். அது அடுப்புக்கு முதுகைக் காட்டி என் பக்கம் சாய்ந்தது.

ஏணி வைத்துக் கூரையேறினேன். பனியின் மேல் ஒரு தடமும் இல்லை. குழாயின் வாய் திறந்தே இருந்தது. அதன் மேல் அனல் மட்டும் இல்லை. உள்ளங்கையை நீட்டினேன்.

தட்டையாக, வழவழப்பாக, சில்லென்று ஏதோ தட்டுப்பட்டது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுத்தியலால் ஓங்கி அடித்தேன். குழாய்க்கு ஒரு விரல் உயரத்தில் சுத்தியல் சத்தமே இல்லாமல் நின்றுவிட்டது.

என் காதுக்குப் பின்னால் வெதுவெதுப்பான ஒரு மூச்சு.

"சொல்லிடு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கீழேயிருந்து ரௌஷன் கூப்பிட்டாள். "அண்ணே! கூட யாரக் கூட்டிட்டுப் போனீங்க? ரெண்டு பேரு நடக்கற சத்தம் கேக்குது."

இறங்கி வந்தபோது பஞ்சு மூட்டையில் சாய்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தல பாரமா இருக்குண்ணே. சொல்லாமப் போயிட்டீங்களே. பாதி போதுமா?"

உண்மையைச் சொன்னால் மேலே இருப்பது விலகிவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவளை வெளியே இழுத்துப் போட்டிருந்தாலும் போதும். ஆனால் சந்தை முழுக்க என்னைப் பார்த்துக் காறித் துப்புவது கண்ணில் தெரிந்தது. ஜெயில் தெரிந்தது. இவள் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை என்றும் தோன்றியது. நான் நல்லவனில்லை.

"போதும்மா," என்றேன். "நீ செத்த நேரம் கண்ண மூடி உக்காரு."

கதவை ஒரு சந்தும் இல்லாமல் இறுகச் சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

நாலு மணிக்குத் திரும்பிப் போனேன். பதறிப்போன முகம் எப்படி இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் பழகிக்கொண்டே போனேன். முற்றத்தில் கால் வைத்ததும் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

கராஜ் கதவு அகலத் திறந்திருந்தது. அடுப்பு சீராக எரிந்துகொண்டிருந்தது. ரௌஷன் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"நீங்க போனதும் அவரு வந்தாருண்ணே. கதவத் தெறந்து விட்டதே அவருதான்."

நான் கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

"கண்ணாடியப் பத்திச் சொன்னாரு. நாய்க் கிண்ணத்தப் பத்தியும் சொன்னாரு. அன்னிக்கு அப்படிச் செஞ்சிருக்கக் கூடாதுன்னு வருத்தப்பட்டாரு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அய்சுலு கிட்ட பேசிட்டேன். ரொம்ப நேரம் அழுதா. ஞாயித்துக்கெழம வர்றா."

"ரௌஷன்... போலீசுல..."

"எதுக்குண்ணே?" அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. "உங்கள அவரே பாத்துக்கறேன்னுட்டாரு. கெளம்புங்க. கூடவே வருவாரு."

மூன்று வாரமாகிறது. அன்று ராத்திரியே என் வீட்டு அடுப்பைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்துவிட்டேன். குழாய் போன ஓட்டை வழியாக வீட்டுக்குள் பனி விழுகிறது. வாளியில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. கோட்டும் தொப்பியுமாக, ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும் மதியமானால் தலை பாரமாகிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. அந்த விஷக்காற்றில் செத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிறிப் போவதில்லை, முகம் ரோஜா நிறத்துக்கு வந்துவிடும். எர்கினும் அப்படித்தான் கிடந்தான்.

இன்று காலை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு லூக்கேரியா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, அடுப்பே இல்லாம ஜம்முனு இருக்கீங்க?" என்று சிரித்தாள். "தெனம் தெனம் மொகத்துல ரத்தம் ஏறிக்கிட்டே போகுது. கன்னம் ரெண்டும் கல்யாணப் பொண்ணு மாதிரி செவந்திருக்கு."