ஸ்கேன் அறைக்காரன் முகம் பார்க்கவில்லை…

“மூத்திரம் போயிட்டா வந்திய? அப்போ இப்ப எடுக்க முடியாது.”

ஸ்ரீகலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கொட்டுகிற மழையில் செங்கல் கிராமத்திலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்ததே பெரும்பாடு. எம்.ஆர்.ஐ. அறை வாசலில் மறித்துக்கொண்டு இந்த நெட்டையன் என்ன சொல்கிறான்! சட்டையில் தீபு என்று பெயர். கண்கள் மட்டும்… சே, கண்ணைப் பார்க்கவா வந்தாள்?

அப்பா தாணுலிங்கம் நெளிந்தார். “பஸ் ஏறுததுக்கு முன்னாலயே போயிட்டு வாறவனாக்கும் நான். மிஷினுக்குள்ள கெடக்கணும்னா விடுவனா?”

தீபு அவள் கையிலிருந்த குடையைக் காட்டினான். “மடக்கி வச்ச குடையில கிழிசல் தெரியுமா? மூத்திரப்பை கொஞ்சம் நெறஞ்சாத்தான் சுவரு விரியும். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு அப்பத்தான் தெரியும். தண்ணி குடியுங்க மாமா, நான் காத்திருக்கேன்.”

மாமாவாம்!

ஆனால் அந்த ஆழம்தான் எல்லாமே. புற்று சிறுநீர்ப்பையின் உள்தோலோடு நின்றிருந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். தசைக்குள் இறங்கியிருந்தால் பையையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா போனபிறகு அவளுக்கு இருப்பது அப்பா ஒருவர்தான்.

தீபு சாப்பிடக்கூடப் போகவில்லை. அப்பாவின் காதில் பஞ்சு வைத்து, “சத்தம் கேட்டுப் பேடிக்காண்டாம்” என்று தைரியம் சொன்னான். அவர் அசைந்து கெடுத்த படங்களை எல்லாம் சலிக்காமல் மறுபடி எடுத்தான். கண்ணாடி வழியே பார்த்து நின்றவளின் கோபம் போன இடம் தெரியவில்லை… இப்படியும் ஒரு பொறுமையா!

அவன் வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டாள். “நீங்க பாத்திருப்பிய… ஆழம் போயிருக்கா?”

அவன் தரையைப் பார்த்தான். “டாக்டர் சொல்லுவாரு.”

“என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க!”

அவன் நிமிரவேயில்லை.

“உள்ள இரும்பு கொண்டு போவக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கிய. உங்க மனச மட்டும் எப்படி விட்டாவ?”

வீடு வரை அழுதாள். கெட்ட செய்தி என்பதால்தானே அவன் முகம் கொடுக்கவில்லை?

மறுநாள் டாக்டர் படத்தைக் காட்டினார். “இந்தக் கறுப்புக் கோடுதான் தசை. எங்கயும் முறியல்ல, பாத்தியா? உள்ள எறங்கின மாதிரி தெரியல்ல. சுரண்டி எடுத்து டெஸ்ட் பண்ணி உறுதிப்படுத்தலாம். படம் எடுத்தவன் மிடுக்கனாக்கும், நல்ல கெட்டிக்காரன்!”

அப்பா கைகூப்பினார். ஸ்ரீகலாவுக்கு மட்டும் தவிப்பு. அப்படியொரு பேச்சுப் பேசிவிட்டு எந்த முகத்தோடு அவனிடம் போவது? மனசு தயங்கியது… கால் கேட்கவில்லை.

“என் மொகத்தப் பாத்திருக்கலாம்லா நேத்து?” என்றாள், ஸ்கேன் அறை வாசலில் நின்று.

“சொல்ல எனக்கு அதிகாரமில்ல. ஆனா மொகத்துல ஒண்ணும் மறைக்கத் தெரியாது எனக்கு. பாத்திருந்தா சிரிச்சிருப்பேன். டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா… அந்தச் சிரிப்பு உங்கள எவ்வளவு நோகடிச்சிருக்கும்?”

“அதுக்கு மட்டுமா பாக்கல்ல?”

வெளியே மழை வலுத்தது. அவன் மெல்ல நிமிர்ந்தான். அந்தக் கண்கள்… உண்மைதான், ஒன்றையும் மறைக்கத் தெரியாத கண்கள்.

“இல்ல… உங்கள எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதும் தெரிஞ்சிருமேன்னு பயந்தேன்.”

ஸ்ரீகலாவுக்குக் கன்னம் சூடேறியது. ஆனாலும் அவனைப்போல அவள் தலை குனியவில்லை.

“நேத்து நான் அப்பாவுக்காக மட்டும் அழுதேன்னா நெனச்சிய? நீங்க என்னப் பாக்காம போனதுக்கும் சேத்தாக்கும்…”