முழுச்சில்லு

சனிக்கோளின் நிலவான என்செலடஸின் குடியிருப்பில் குழந்தைக்குப் பெயர் வைக்க யாரும் அவசரப்படுவதில்லை. துறை வைக்கத்தான் அவசரம். பிறந்த நாற்பதாம் நாள் மாலைக்குள் காதுக்குப் பின்னால் ஒரு துறையின் அறிவு அடங்கிய துறைச்சில்லைப் பதித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மூளை ஏற்காது. பதித்ததை ஆயுளுக்கும் மாற்ற முடியாது. மொத்தம் நாற்பத்தொரு துறைகள். உப்புத் துறைக்காரருக்கு உப்பைப் பற்றி எல்லாம் தெரியும். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் பக்கத்துக் கவுன்டரைக் கை காட்டுவார்.

இசக்கிமுத்துவும் செண்பகமும் முப்பத்தொன்பது நாட்கள் சண்டை போட்டுவிட்டு, நாற்பதாம் நாள் மதியம் மகளைத் தூக்கிக்கொண்டு பதிவகத்துக்கு வந்தார்கள். இருவருமே வால்வுத் துறை. காற்றும் நீரும் குழாயில் வரும் ஊரில் வால்வுக்காரர்களுக்கு வேலை போகாது.

"வால்வே போட்டுருவோம்," என்றான் இசக்கிமுத்து.

"நாம திருகினது போதாதாங்க? இவளாவது நாலு விஷயம் பார்க்கட்டும்."

பதிவு மேசையில் இருந்த டாக்டர் வேதரத்தினத்தின் காதில் அது விழுந்தது. இழுப்பறையிலிருந்து ஒரு சில்லை எடுத்து வைத்தார்.

"இது முழுச்சில்லும்மா. நான் செஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு. ஒரு துறையோட 'ஏன்' எங்க முடியுதோ, அங்கேருந்து அடுத்த துறையோட 'ஏன்' எப்படித் தொடங்குதுன்னு காட்டும். இதுவரைக்கும் யாரும் கேட்கல. ஒரு நிமிஷம் நீங்களே பாருங்க."

சோதனைப் பட்டையைச் செண்பகத்தின் நெற்றியில் கட்டினார். அவள் மடியில் கிடந்த மகளைப் பார்த்தாள்.

சின்ன நெஞ்சு உள்ளங்கையில் துடித்தது. ஏன்? உப்பின் நுண்துகள்கள் உயிரணுச் சவ்வுகளைத் தாண்டித் தாண்டித் திரும்புவதால். அந்த உப்பு அவள் பாலில் வந்தது. பால், குழாய்த் தண்ணீரில் ஊறியது. தண்ணீர், பனிக்கு அடியிலுள்ள கடலிலிருந்து வந்தது. கடல் உறையாமலிருப்பது, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் சனிக்கோள் இந்தச் சிறு நிலவை மாவு பிசைவது போல ஓயாமல் பிசைந்து சூடேற்றுவதால். கடலடிப் பாறையிலிருந்து உப்பு கரைந்தது. அந்தப் பாறையின் துகள்கள், சூரியன் பிறக்கும் முன்பே செத்துப்போன விண்மீன்களுக்குள் வெந்தவை. ஒரு துளிப் பாலுக்குப் பின்னால் ஒரு கிரகமே உழைத்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருடமாக அவள் திறந்து மூடிய குழாயில் ஓடியதும் அதுதான். அவளுக்குப் பயமாக இருந்தது. சொந்த வீட்டுக்கு வந்துவிட்டது போலவும் இருந்தது.

பட்டையைக் கழற்றியபோது அழுதுகொண்டிருந்தாள். அடுத்துக் கட்டிக்கொண்ட இசக்கிமுத்து மகளின் பாதத்தை மெல்லத் தொட்டான்.

"இதையே போட்டுருங்க, சார்," என்றான்.

வேதரத்தினம் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"சார், உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டாள் செண்பகம்.

"ஒரே பையன். எட்டு வயசு."

"அவனுக்கும் இதுதான போட்டீங்க?"

அவர் சனிக்கோளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"வால்வு," என்றார். "இதுக்கு ஸ்கோப் எப்படின்னு இன்னும் சரியாத் தெரியலம்மா."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முப்பத்தொன்பது நாள் சண்டை அந்த ஒரு பார்வையில் தீர்ந்தது.

வேதரத்தினம் முழுச்சில்லை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். மாலை ஐந்து மணிக்குச் சில்லு பதிந்தது. அதுவரை சனிக்கோளையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை, சுவரோரம் ஓடிய குழாயின் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டது.