எங்கள் மாணவி வீடு திரும்புவாள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வாலு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வாலுவைத் தெரியாது. எட்டரைக்கு வகுப்பு என்றால் எட்டு மணிவரை தலையணையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு "அஞ்சே நிமிஷம்பா" என்று முனகுகிற பிறவி அது. வயது பத்தொன்பது. சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறது. மூன்று வயதில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஏறி உட்கார்ந்து ஊரைக் கூட்டிய நாளிலிருந்து வீட்டில் வாலுதான். அவளை எழுப்புகிற வேலையை அப்பாவும் அம்மாவும் நாள்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திங்கள் அப்பாவின் முறை.

வாயில் பற்பசை நுரையோடு அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, ஈரத் துண்டும் நகப்பூச்சும் என்றைக்கோ கடித்து வைத்த பிஸ்கட்டும் கலந்து எப்போதும் அடிக்கிற நாற்றம் இல்லாமல், அச்சகத்திலிருந்து வந்த கட்டைப் பிரித்தால் வருமே, அந்தப் புதுக் காகித வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தது. ஜன்னல் திரை மடிப்பு மடிப்பாக ஒரே அளவில் தொங்கியது. படுக்கையில் யாரும் படுத்த சுருக்கமே இல்லை. மேசைவிளக்கின் மஞ்சள் வட்டத்தில் அவள் முதுகை நேராக்கிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி, அவர் வருகிற நேரம் தெரிந்தவளாக உட்கார்ந்திருந்தாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் சொன்னாள். "எழுந்துட்டேன் அப்பா. நல்லாத் தூங்கினேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல."

அவர் கேட்க இருந்த மூன்று கேள்விக்கும் வரிசையாகப் பதில் வந்துவிட்டது. நுரை தொண்டைக்குள் போய் அவருக்குப் புரையேறியது.

அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறவள், வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மகளின் அறை வாசலில் நின்று ரசித்துவிட்டு வந்தாள்.

"பொறுப்பு வந்துடுச்சுங்க. நான் கும்பிடாத சாமியில்ல. நீங்க எதையாவது சொல்லிக் கெடுத்துடாதீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"மூஞ்சியே சொல்லுதே."

அவர் வேலை பார்ப்பதும் வாலு படிக்கிற அதே பல்கலைக்கழகத்தில்தான், விளம்பரப் பிரிவில். இணையதளத்துக்கு வாசகம் எழுதுகிறவர். பதினேழு வருடமாக 'மாணவர்கள் பயன்பெறுவர்', 'மாணவர்கள் மேன்மையுறுவர்' என்று எழுதிக் கை தேய்ந்தவர். போன மாதம் புதிதாக வந்த இயக்குநர் அம்மா அதையெல்லாம் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மொத்தமா மாணவர்கள் மாணவர்கள்னு எழுதினா யாரு சார் படிப்பாங்க? ஒரே ஒரு பொண்ணை எடுத்துக்குங்க. படிக்கும்போது அவ கண்ணு முன்னாடி வந்து நிக்கணும்."

எழுத உட்கார்ந்த நாள் ஒரு கெட்ட நாள். அன்று காலையில்தான் வாலு ஐந்து பாடத்தில் மூன்றில் தேறவில்லை என்பது தெரியவந்தது. அதில் ஒன்று, தூங்கிப்போய்த் தேர்வுக்கே போகாதது. வீட்டில் பெரிய ரகளை. "உன்னைப் பெத்ததுக்கு" என்று ஆரம்பித்து அவர் சொல்லக் கூடாததைச் சொன்னார். அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். அந்த வயிற்றெரிச்சலோடு வந்து, அவள் எதெல்லாம் இல்லையோ அதையெல்லாம் வரி வரியாக எழுதினார். எங்கள் மாணவி விடியுமுன் எழுவாள். எங்கள் மாணவி கேட்குமுன் பதில் தருவாள். எங்கள் மாணவி ஊண் உறக்கம் பாராமல் உழைப்பாள். எங்கள் மாணவி தன்னை மறந்து படிப்பாள். எங்கள் மாணவி எங்கும் இருப்பாள். இயக்குநர் அம்மா கைதட்டினார். எழுதியவருக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

பிழை திருத்துகிறவர் மட்டும் பென்சிலைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த அச்சையே நிறுத்தியவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குக் காற்புள்ளி என்றே பெயர் விழுந்திருந்தது.

"சார், 'எழுவாள்'னு போட்டிருக்கீங்களே. தினம் எழுந்துக்கிறாளா, இனிமேதான் எழுந்துக்கப்போறாளா?"

"நம்ம மொழியில ரெண்டுக்கும் அதே சொல்தானேய்யா. பழக்கத்துக்கும் அதுதான், நாளைக்கு நடக்கப்போறதுக்கும் அதுதான்."

"அதான் கேக்கறேன். இது வாசகமா, வாக்கா? சில பேரு வாயில வந்தா பலிச்சுடும் சார்."

இருவரும் சிரித்தார்கள். பக்கம் ஞாயிற்றுக்கிழமை மாலை வெளியானது. அதற்கு மறுநாள்தான் வாலு ஆறு மணிக்கு எழுந்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல், அவள் அறையிலிருந்து வருகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தார்: போன் பேச்சில்லை, பாட்டில்லை, நாற்காலி கிறீச்சிடவில்லை, தாள் புரளுகிற சத்தம் மட்டும் ஒரு தடவை, பிறகு அவர் பன்னிரண்டு எண்ணுகிற நேரம், பிறகு இன்னொரு தடவை, மறுபடி பன்னிரண்டு, ஒரு மணி நேரமாகியும் அது பதினொன்றாகவும் இல்லை பதின்மூன்றாகவும் இல்லை. காலையில் அவளுக்கு எடுத்து வைத்த ரொட்டியில் ஈ உட்கார்ந்திருந்தது. மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பி வந்திருந்தது. அவர் எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பினார், உட்கார்ந்தார், செருப்பைப் போட்டார், கழற்றினார். எங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை.

ஊண் உறக்கம் பாராமல். எழுதியது யார்?

புதன்கிழமை வாசலில் நின்று கூப்பிட்டார். "வாலு."

தாள் புரண்டது.

"வாலு, உன்னத்தான்."

அவள் திரும்பிச் சிரித்தாள். மேல்வரிசைப் பல் எட்டும் சரியாகத் தெரிகிற சிரிப்பு. வாலு சிரித்தால் மூக்கு சுருங்கும், தோள் குலுங்கும், குடிக்கிற தண்ணீர் மூக்கில் ஏறும். இதில் ஒன்றும் அசையவில்லை.

"யாரைக் கூப்பிடறீங்க அப்பா? இங்க வேற யாரும் இல்லையே."

அவர் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, அந்த இரைச்சலுக்குள் வாய்விட்டு அழுதார். திட்டினது தப்புடா கண்ணு, நீ தூங்குடா, ஃபெயிலாகுடா, எந்த மார்க்கும் வேணாம்டா, எனக்கு நீ மட்டும் போதும்டா என்று ஓடுகிற தண்ணீரிடம் சொன்னார். அன்று மனைவியிடமும் சொல்லிப் பார்த்தார்.

"அவ நம்ம பொண்ணு மாதிரியே இல்ல."

"படிக்கலைன்னாலும் குத்தம், படிச்சாலும் குத்தமா? உங்களை வச்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது?"

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வளாகத்துக்குள் அவளைத் தேடிப் போனார். நூலகப் படியில் நேரான முதுகோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலையில் வாலு போட்டுக்கொண்டு போன அதே நீலச் சட்டை, அதே பின்னல். தோளைத் தொட்டார். திரும்பிய முகம் வாலுவுடையது இல்லை, அகலமான, வேறு யாரோ பெற்ற பிள்ளையின் முகம். சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"உணவகத்துல இருக்கா அப்பா," என்றாள், அவர் கேட்பதற்கு முன்பே.

உணவகத்தில் காலித் தட்டு வைத்துக்கொண்டு ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சாப்பிடவில்லை. "இப்பதான் போனா அப்பா," என்றாள் ஒருத்தி. "ஆய்வகத்துக்கு அப்பா," என்றாள் அடுத்தவள், முதலில் சொன்னவளின் குரலிலேயே. சமையல் வாசனையே இல்லாமல் அந்த இடம் முழுக்கப் புதுக் காகிதம் நாறியது. அவர் ஓடாத குறையாக வெளியே வந்தார்.

காற்புள்ளி கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "என் தம்பி பொண்ணும் மூணு நாளாச் சாப்பிடல சார். படிக்கிறா படிக்கிறான்னு வீட்ல கொண்டாடறாங்க. அந்தப் பக்கத்தை எடுத்துருங்க."

வெள்ளிக்கிழமை மதியம் அவர் பக்கத்தைத் திறந்தார். நீக்கு என்று அழுத்தினார். ஒப்புதல் பெற்ற பக்கம், நீக்க இயலாது என்று வந்தது. ஒரு சொல்லையாவது மாற்றப் பார்த்தார், இயலாது என்றே வந்தது. இயக்குநர் அம்மா வெளியூரில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அடியில் வரி சேர்ப்பதற்கு மட்டும் ஒரு கட்டம் திறந்தது. சரி, சேர்க்கிறேன். வாக்கு என்றால் இதுவும் வாக்குத்தானே. யோசிக்க நேரமில்லை, பதினேழு வருடக் கை, வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று அது யாரையும் கேட்காது.

எங்கள் மாணவிக்குப் பசிக்கும். எங்கள் மாணவி வீடு திரும்புவாள்.

வெளியிட்டார். பையை எடுத்தார். பேருந்து முழுக்க நின்றுகொண்டே வந்தார், காலியிடம் இருந்தும்.

வீடு பூட்டியிருந்தது. அவள் அறை காலி. விளக்கு அணைந்திருந்தது, புத்தகம் மூடியிருந்தது, நாற்காலி கோணலாகக் கிடந்தது. அந்தக் கோணலைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வருவாள். பசியோடு வருவாள். நாலு முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினார், தட்டும் தம்ளரும் எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. போன் அதிர்ந்தது. காற்புள்ளியின் செய்தி.

'சார், புது வரி பார்த்தேன். எங்கள் மாணவி என்றால் மொத்தப் பேருமா? வீடு என்றால் யார் வீடு? தெளிவாக இல்லை.'

மாடிப்படியில் காலடி.

வாலுவின் காலடி இல்லை. வாலு ஏறினால் செருப்பு தேயும், நடுவில் நிற்கும், நாலாவது மாடியில் வீடு பார்த்தவர்களை வாய்க்கு வந்தபடி வையும். இது சீராக வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

கதவைத் தாழிட ஓடினார். கை எட்டுவதற்குள் அது திறந்துகொண்டது.

"வந்துட்டேன் அப்பா."

அகலமான முகம். நூலகப் படியில் பார்த்தவள். உள்ளே வந்து சுவரோரம் நின்றாள். அடுத்தவள் வந்தாள். "வந்துட்டேன் அப்பா." குட்டையாக ஒருத்தி. கண்ணாடி போட்ட ஒருத்தி. முகம் வேறு வேறு. சிரிப்பு ஒன்று. கூடம் நிறைந்தது. வாலுவின் அறை நிறைந்தது. படியில் இன்னும் சத்தம் நிற்கவில்லை. புதுக் காகித வாசனை மூக்கை அடைத்தது.

"பசிக்குது அப்பா," என்றாள் ஒருத்தி.

"பசிக்குது அப்பா."

"பசிக்குது."

அவர் வாணலியை நீட்டினார். யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு முகமாகத் தேடினார். இவள் இல்லை. இவளும் இல்லை. வாலு இல்லை. போன் அடித்தது. மனைவி.

"ஏங்க!" அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "நம்ம வாலு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. என் மடியில படுத்து ஒரே அழுகை. பசிக்குதாம். அஞ்சு நாள் எங்க இருந்தேன்னே தெரியலங்கிறா. நீங்க சொன்னதை நான்தான் காதுல வாங்கல. கூட்டிட்டு வந்துட்டேன், கீழ வாசல்லதான் நிக்கிறோம்."

கூடத்தில் எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் போன் பக்கம் திரும்பியது.

"வேணாம்," என்றார். அவள் அழுகையில் அது காதில் விழவில்லை. "மேல வராதீங்க. இந்தா, கேளு..."

அகலமான முகக்காரி போனை மெதுவாக, மரியாதையாக, அவர் கையிலிருந்து எடுத்தாள்.

"சீக்கிரம் வாங்கம்மா," என்றாள். அவருடைய குரலில்.

பிறகு அவர்கள் வேலையில் இறங்கினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஒருத்தி தட்டுகளை எடுத்தாள். ஒருத்தி தம்ளர்களை எடுத்தாள். ஒருத்தி வாணலியை வாங்கி ஓரமாக வைத்தாள். சாப்பாட்டு மேசையைக் கூடத்தின் நடுவுக்கு இழுத்தார்கள். ஈரத்துணியால் துடைத்தார்கள். உலர்ந்த துணியால் துடைத்தார்கள். ஒரு பொருளும் இல்லாத மேசை. ஒரு ஆள் நீளம். இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர், தலைமாட்டில் ஒருத்தி.

அவர் கத்த வாயைத் திறந்தார். பின்னாலிருந்து ஒரு குளிர்ந்த கை பொத்தியது.

படியில் செருப்பு தேய்கிற சத்தம். முதல் மாடியில் நின்றது. மூச்சு வாங்கியது.

"எந்த மடையன்மா நாலாவது மாடியில வீடு பார்த்தது?" என்றது வாலுவின் குரல், அழுதழுது கரகரத்த, சோம்பேறித்தனம் மாறாத, ஐந்து நாளாக அவர் ஏங்கிக் கிடந்த குரல். அம்மா சிரித்தாள். செருப்பு மறுபடி தேய்ந்தது.

மேசையைச் சுற்றி நின்ற ஒன்பது பேரும் கதவைப் பார்த்துச் சிரித்தார்கள்.