#எங்கவீட்டுக்குருவி

கிணத்துக்கடவில் காய்க்கும் தேங்காய்களை வரிசையாக அடுக்கினால் நிலா வரைக்கும் நடந்து போய், அங்கே ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். அத்தனை தேங்காய்க்கும் நார் உண்டு அல்லவா? அந்த நாரில்தான் அக்ஷிதாவின் அம்மா புவனா குருவிக்கூடு பின்னினாள்.

உருண்டையான கூடு. முன்னால் ஒரு சின்ன வட்ட வாசல். சிட்டுக்குருவி நுழையலாம், காக்காய் நுழைய முடியாது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு விற்றாலே பெரிது. விற்காத கூடுகள் ஷெட்டின் கூரை வரைக்கும் குவிந்துவிட்டன.

கூடு விற்பதற்கென்று அம்மா செல்ஃபோனில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். அதைப் பின்தொடர்ந்தவர்கள் பதினேழு பேர். அதில் பதினான்கு பேர் சொந்தக்காரர்கள். மீதி மூன்று பேரும் மதன்குமார் மாமாவே.

"இந்த மாசம் பாக்கறேன் கண்ணு. விக்கலைன்னா ஒண்ணாந்தேதியில இருந்து மில்லுக்குப் போயிர்றேன்" என்றாள் அம்மா.

மில் வேன் காலை ஐந்தரைக்கே வந்துவிடும். அக்ஷிதா கண் விழிக்கும்போது வீட்டில் அம்மா இருக்க மாட்டாள். பத்து வயதுப் பெண்ணுக்குக் காலையில் அம்மாவிடம் பேச ஒரு லாரி லோடு விஷயம் இருக்கும். அதையெல்லாம் யாரிடம் சொல்வது?

மதன் மாமா செல்ஃபோன் கடையில் வேலை பார்ப்பவர். ஹேஷ்டேக் போட்டால் கூட்டம் பிய்த்துக்கொண்டு வரும் என்றார். # என்ற குறியைப் போட்டுப் பக்கத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும். அந்தப் பெயரைத் தொட்டால், அதே பெயர் போட்ட படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும். உலகமே தேடுகிற பெயராகப் பார்த்துப் போட வேண்டும் என்று சொல்லி, கூட்டின் படத்துக்குக் கீழே #பிரியாணி, #கிரிக்கெட், #தங்கம்விலை என்று முப்பது ஹேஷ்டேக் போட்டார்.

கூட்டம் வரத்தான் செய்தது. அரை பிளேட் என்ன விலை என்று ஒருவர் கேட்டார். பொள்ளாச்சிக்கு டெலிவரி உண்டா என்று இன்னொருவர். முட்டை உண்டா என்று மூன்றாமவர். அம்மா பொறுமையாகப் பதில் போட்டாள்: "குருவி வந்ததுக்கு அப்புறந்தானுங்க முட்டை."

எல்லோரும் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒரு கூடுகூட விற்கவில்லை.

அடுத்த நாள் சோமனூரிலிருந்து தாமஸ் என்பவர் கோபமாக எழுதியிருந்தார். தறிக்கூடம் வைத்திருப்பவர். கூடு வாங்கி இருபது நாளாகியும் ஒரு குருவிகூட வரவில்லை, இது ஏமாற்று வேலை என்று ஊரே பார்க்கும்படி எழுதிவிட்டார்.

உடனே அழித்துவிடு என்றார் மாமா.

"வேண்டாம் மாமா. குருவி வரலைன்னு அவருக்கு வருத்தம். பாவம்" என்றாள் அக்ஷிதா. கூடு தொங்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அம்மாவின் ஃபோனிலிருந்து அவருக்கு எழுதினாள்.

படம் வந்தது. கூட்டைச் சுற்றிக் கலர் சீரியல் பல்பு மினுக்கியது. அடியில் ஒரு சின்னப் புலி அளவுக்குப் பூனை படுத்திருந்தது.

பூனை ரொம்ப சாது என்று தாமஸ் பதில் போட்டார்.

"உங்களுக்கு சாதுங்க அங்கிள். குருவிக்கு அது தெரியாதுங்களே" என்று எழுதினாள் அக்ஷிதா. பல்பைக் கழற்றிவிட்டு, தறிக்கூடத்துக் கூரை இறவானத்தில், பூனை ஏற முடியாத இடமாகப் பார்த்துக் கூட்டை மாட்டச் சொன்னாள். பதினைந்து நாள் கிட்டேயே போகக் கூடாது என்றும் சொன்னாள். எட்டிப் பார்க்காமல் எப்படி இருப்பது என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். தறியைப் பார்த்துக்கொண்டு இருங்கள் என்றாள்.

பன்னிரண்டாம் நாள் ஒரு வீடியோ வந்தது.

தறி தடதடவென்று ஓடுகிறது. தரையில் கழிவு நூல் கிடக்கிறது. கட்டை விரல் அளவில் ஒரு குருவி இறங்குகிறது. மஞ்சள் நூல் ஒன்றை அலகில் எடுக்கிறது. தன்னைவிட நாலு மடங்கு நீளம். அதை இழுத்துக்கொண்டு பறந்து, கூட்டு வாசலில் ஒரு நொடி நின்று, உள்ளே போகிறது. நூலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது.

அக்ஷிதா வீடியோவை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கூடுதான் அம்மாவுடையது. அதற்குள் மெத்தை போடுவது அந்தக் குருவி.

"இது ஊருல எல்லாரும் பாக்கணும் மாமா" என்றாள் மெதுவாக.

அன்றைக்கே ஒரு புதுப் பெயர் யோசித்தாள். பிரியாணிக்காரர்கள் தேடி வர முடியாத பெயர்: #எங்கவீட்டுக்குருவி. தாமஸ் அந்தப் பெயரோடு வீடியோவைப் போட்டார். இதுவரை கூடு வாங்கிய நாற்பது பேருக்கும் அக்ஷிதா செய்தி அனுப்பினாள். கூடு வேண்டுமா என்று கேட்கவில்லை. "உங்க குருவி சௌக்கியமாங்க? படம் இருந்தா இந்தப் பேருல போடுங்க" என்று மட்டும் கேட்டாள்.

குருவியை நலம் விசாரித்தால் யாருக்குத்தான் வாய் பூட்டிக் கிடக்கும்?

மூன்றாம் நாள் அக்ஷிதா அந்தப் பெயரைத் தொட்டாள். அடேயப்பா. திரை முழுக்கக் குருவிகள். பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறையில் ஒரு பெண்குருவி, தன் வீட்டுக்காரரைக் கூட்டை விட்டுத் தள்ளிக்கொண்டிருந்தது. பொள்ளாச்சியில் நான்கு குஞ்சுகள் ஒன்றாக வாயைத் திறந்ததில் கூட்டையே காணவில்லை. மதுரை, நாகர்கோவில் என்று முகம் தெரியாதவர்கள்கூடத் தங்கள் ஜன்னல் குருவிகளைப் போட்டிருந்தார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பார்க்க வந்த அம்மா, அடுப்பில் பால் பொங்கி வழிவதையும் மறந்து நின்றாள்.

படங்களுக்குக் கீழே ஒரே கேள்விதான்: இந்தக் கூடு எங்கே கிடைக்கும்?

ஒரு வாரத்தில் ஷெட்டின் தரை தெரிந்தது. அம்மா பகலெல்லாம் பின்னியும் கேட்டவர்களுக்குப் பத்தவில்லை.

ஒன்றாம் தேதி காலை ஐந்தரைக்கு வாசலில் ஹாரன் அடித்தது. மில் வேன். வேலைக்கு வருவதாக முன்பே சொல்லிவைத்திருந்த டிரைவர் காளிச்சாமியிடம், வரவில்லை என்று சொல்ல மறந்துபோயிருந்த அம்மா, கையெல்லாம் நாரோடு வெளியே ஓடினாள்.

"ஏனுங்க, கோவிச்சுக்காதீங்க. நான் மில்லுக்கு வரலைங்க. இங்கயே வேலை தலைக்கு மேல கெடக்குதுங்க."

காளிச்சாமி தலையைச் சொறிந்தார். "அதுக்கென்னங்க. உங்களுக்குன்னு முன் சீட்டைப் புடிச்சு வெச்சேன். அது சும்மா போகுதேன்னுதான்." பிறகு ஷெட்டை எட்டிப் பார்த்தார். "எங்க ஊட்டுக்கு ஒரு கூடு குடுங்க அம்மணி."

அக்ஷிதா ஓடிப்போய் நல்லதாக ஒன்றை எடுத்து வந்து கொடுத்தாள்.

வேன் புறப்பட்டது. அம்மா உட்கார்ந்து போயிருக்க வேண்டிய முன் சீட்டில், ஒரு தேங்காய்நார்க் கூடு ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு போனது.