ஆம்பல் அல்லாத பூ

அன்னபூரணம் சிரட்டைத் தண்ணீரில் மிதந்த, இலையோடு ஒட்டிய சிறிய வெள்ளைப் பூவை யோகம்மாவின் மேசையில் வைத்தாள். அன்று விடிய வேலணையில் அவள் வீட்டுப் படலையடியில் கிடந்தது. ஒவ்வொரு வருடமும் இதே நாளில் கிடக்குமாம்.

“ஆம்பல், ரீச்சர். அவர்தான் குளத்திலை இறங்கிப் பிள்ளையாருக்குப் பறிச்சு வாறவர். உயிரோடை இருக்கிறாரெண்டு சொல்லத்தான் வைக்கிறார், என்ன?”

அவள் கணவன் மார்க்கண்டு காணாமற்போனது தொண்ணூற்றாறில். மீனவர் லியோனின் வள்ளத்தில் போனவர். அடுத்த தீவில், இறுப்பிட்டிக் கரையில் இறக்கிவிட்டதாக லியோன் சொன்னார். எட்டு வருடமாகியும் அவள் நெற்றியில் பொட்டு இருந்தது.

யோகம்மா தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். தீவில் விடை தெரியாதவற்றை அவரிடந்தான் கொண்டுவருவார்கள். அவருக்குக் கையாள் போல் திரிந்த ஓட்டோக்காரன் எமிலியானுஸ் அன்று பிந்தித்தான் வந்தான்.

“குறை நினையாதேங்கோ ரீச்சர், அப்பாவின்ரை கல்லறைக்குப் பூ வைச்சிட்டு வாறன்.” சிரட்டையைப் பார்த்தான். “கண்டுபிடிச்சிட்டன். மார்க்கண்டு அண்ணை எங்கையோ ஒளிச்சிருக்கிறார்.”

“நீர் வாயை மூடிக்கொண்டு ஓட்டோவை எடும்.”

ஊர்காவற்றுறையில் லியோன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அன்னபூரணம் பக்கத்தில் நிற்க, யோகம்மா பூவை அவர் முன்னால் வைத்தார்.

“இது ஆம்பல் இல்லை. ஆம்பல் பூ ஒவ்வொண்டும் சேத்துக் கிழங்கிலையிருந்து தனித் தண்டிலை வரும். இதிலை இலையும் பூவும் ஒரே தண்டிலை. இதழெல்லாம் மயிர். ஆம்பலின்ரை குடும்பமே இல்லை. மார்க்கண்டு பிழையாப் பறிக்கமாட்டார். கடலிலை சீவிக்கிற ஒருவர்தான் ரண்டையும் ஒண்டெண்டு நினைப்பார்.”

லியோன் ஊசியில் நூலைச் சுற்றினார்.

“இந்தத் தீவுகளிலை இதை நான் கண்டது இறுப்பிட்டிக் குளத்திலை மட்டுந்தான். இண்டைக்கு என்ன நாள், எமிலியானுஸ்?”

“நவம்பர் ரண்டு. ஆத்துமாக்களின்ரை...” அவன் நிறுத்திக்கொண்டான்.

“ஓம். வேதக்காரர் கல்லறைக்குப் போற நாள். இது செத்தவருக்கு வைக்கிற பூ.”

லியோன் வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“கரை தட்ட முந்தியே நேவிக்காரன்ரை வெடி பட்டிட்டுது, தங்கச்சி,” என்றார் லியோன். “குளத்தடியிலை தாட்டனான். முதலிலை பயம். பிறகு உம்மடை பொட்டைப் பார்த்தால் வாய் வரேல்லை. அங்கை கிடக்கிற பூவைத்தான் கொண்டந்து வைச்சனான். அவருக்கு ஆம்பல் விருப்பமெண்டு தெரியும்.”

“தலை எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் அன்னபூரணம்.

“தெற்கு. உங்கடை ஆக்களுக்கு அப்பிடித்தானே.”

அன்னபூரணத்தின் கை நெற்றிக்குப் போய், தொடாமல் இறங்கியது.

“முதலிலை இடத்தைக் காட்டுங்கோ, அண்ணை,” என்றாள்.