நான்காம் பக்கம்

வாசற்படியில் நின்று கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் அதற்கு அவசியமே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த வீட்டில் நாற்றமே இல்லை. படுத்த படுக்கையாக ஒருவர் கிடக்கும் வீடு என்றால் கதவு திறந்ததும் முகத்தில் வந்து அறையும் ஒன்று உண்டு: மூத்திரம், கிருமிநாசினி, வியர்வையில் ஊறிய தலையணை, மூடி வைத்து மறந்துபோன சாப்பாடு, எல்லாம் கலந்து வருவது. பதினாறு வருடமாக வீட்டுப் பராமரிப்புச் சேவைகளை ஆய்வு செய்கிறவள் அவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் மூக்கை வைத்தே எந்த நிறுவனம் ஆள் அனுப்பியிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இங்கே எதுவும் வரவில்லை. சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்றால் சோப்பு வாசனையாவது வர வேண்டாமா? கைக்குட்டையில் காலையில்தான் தைலம் தெளித்திருந்தாள். அதை முகர்ந்து பார்த்தாள். அதிலும் வாசனை இல்லை.

சளி பிடிக்கப் போகிறது போல என்று நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். மணி நாலாக இருபது நிமிடம் இருந்தது. வெளியே நல்ல வெயில். அலுவலகக் கார் தெருமுனை நிழலில் நின்றது; பையையும் போனையும் அதிலேயே வைத்துவிட்டு, படிவம் செருகிய அட்டையும் பேனாவும் மட்டும் எடுத்து வந்திருந்தாள். இரண்டு நிமிட வேலைக்கு எதற்குச் சுமை?

அலுவலகத்தில் அவளுக்கு 'மின்னல்' என்று பெயர். மற்ற ஆய்வாளர்களுக்கு ஒரு நாளில் மூன்று வீடு பார்ப்பதற்குள் நாக்குத் தள்ளிவிடும். அவள் எட்டு வீட்டை முடித்துவிட்டு நாலரைக்குத் தலை சீவிக்கொண்டிருப்பாள். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. படிவத்துக்கு நான்கு பக்கம். முதல் மூன்றும் உரிமம், பணியாளின் பயிற்சிச் சான்று, மருந்துப் பட்டியல். அதெல்லாம் மேசையில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். நான்காம் பக்கம்தான் நோயாளியின் பக்கம். போர்வையை விலக்க வேண்டும், முதுகைப் புரட்டிப் பார்க்க வேண்டும், பேச்சுக் கொடுக்க வேண்டும். மொத்தம் பன்னிரண்டு கேள்விகள், கீழே 'நேரில் பார்த்து உறுதி செய்தேன்' என்று ஒரு வரி, அதற்கும் கீழே கையெழுத்து. அந்தப் பக்கத்தை அவள் வாசலில் நின்றபடியே முடித்துவிடுவாள். யார் கேட்கப் போகிறார்கள்? கேட்க வேண்டியவளே அவள்தானே.

ஆறு மாதத்துக்கு முன்பு இந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அன்றைக்குக் கொட்டோ கொட்டென்று மழை. காதில் போன், தெருவில் ஹாரன் அடிக்கும் டிரைவர். பராமரிப்புப் பெண் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடிவந்தாள். "மேடம், ஐயா இன்னைக்குக் காலைல..." என்று தொடங்கினாள். "நல்லா இருக்காருல்ல? சரி சரி, இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்று இவள் அட்டையை நீட்டினாள். பன்னிரண்டு கேள்விக்கும் சேர்த்து மேலிருந்து கீழாகச் சரி, சரி, சரி.

இந்த முறையும் அதையே செய்திருப்பாள். ஆனால் கதவு திறந்து கிடந்ததே தவிர, யாரும் வாசலுக்கு வரவில்லை.

"ஏம்மா! ஆய்வுக்கு வந்திருக்கேன். ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"உள்ள வாங்க மேடம்." குரல் கடைசி அறையிலிருந்து வந்தது. "என்னால அங்க வர முடியாது."

சலித்துக்கொண்டே நடந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு மண்டல அதிகாரி பதவி வருகிறது. அதற்கு முன் அவள் கோப்புகளில் ஒரு புள்ளிகூடக் கறை இருக்கக் கூடாது. கணவன் போன பிறகு இரண்டு பிள்ளைகளை இந்த வேலையை வைத்துத்தான் ஆளாக்கினாள். ஒரு பணியாளின் கையெழுத்து இல்லை என்பதற்காக அதைக் கோட்டைவிட முடியுமா?

கடைசி அறையை ஒட்டி நடைவழியில் பால்மாவு டப்பாக்கள். சுவரோரம் இடுப்புயரத்துக்கு, அதன்பின் தோளுயரத்துக்கு, வரிசை பிசகாமல் அடுக்கியிருந்தது. ஒன்றைத் தட்டினாள். காலி. அடுத்ததும் காலி. படுத்திருக்கும் ஒருவர் ஆறு மாதத்தில் இவ்வளவு சாப்பிட முடியுமா? ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதும்.

அறைக்குள் சன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஆனால் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. மெதுவாக, விட்டுவிட்டு, திறந்த சன்னலில் நல்ல காற்று வரும்போது ஆடுவதுபோல. அவள் கன்னத்தில் காற்றுப் படவில்லை.

கட்டிலில் பெரியவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். முன்பு லாரி ஓட்டியவர், பக்கவாதம் வந்து பேச்சும் உடம்பும் போனவர் என்று கோப்பில் இருந்தது. கழுத்து வரை வெள்ளைப் போர்வை. அருகில் முக்காலியில் பராமரிப்புப் பெண். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்காது. இவள் அவளுடைய கண்களைப் பார்த்தாள். இமைகள் உள்ளே மடிந்துபோய், வெள்ளை விழி முழுக்கச் சிவப்பாக இருந்தது. அவள் இமைக்கவே இல்லை.

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு?"

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கிலேர்ந்து தூங்கல மேடம்."

"என்ன விளையாடுறியா?"

"பதினொண்ணாவது கேள்வி என்னன்னு பாருங்க."

பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். 'பணியாளர் எந்நேரமும் விழிப்புடன் நோயாளியின் அருகிலேயே இருக்கிறாரா?' போன முறை அதற்கு நேரே ஒரு சரிக்குறி போட்டிருந்தாள்.

"கட்டிலை விட்டுப் பத்தடிக்கு மேல கால் நகர மாட்டேங்குது" என்றாள் அந்தப் பெண். அழுகை இல்லாத குரல். அழுது முடித்து வெகுநாளான குரல். "டப்பா கொண்டு வர்றவர் சன்னல்ல வச்சுட்டுப் போவாரு. அஞ்சாவது கேள்வி, நல்லா சாப்பிடுறாரான்னு. சாப்பிடுறாரு மேடம். ஊட்டி முடிச்ச உடனே மறுபடி கேக்குறாரு. முதல் கேள்வி, நாத்தம் இல்லைன்னு போட்டீங்க. இல்ல. பூ வச்சுப் பார்த்தேன், அதுலயும் இல்ல. ரெண்டாவது, நல்ல காத்தோட்டம்னு போட்டீங்க, சன்னல் சாத்தியிருந்தும் திரை ஆடுது."

கையிலிருந்த கைக்குட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"அன்னைக்கு நான் சொல்ல வந்தேன். ஐயா காலைல பத்து மணிக்கே போயிட்டாரு. துடைச்சு, கண்ணை மூடி விட்டுட்டு வந்தேன். நீங்க கேக்கல. கையெழுத்துப் போடுன்னீங்க. நானும் பயந்துக்கிட்டுப் போட்டேன். அது என் தப்புதான். நீங்க அந்தப் பக்கம் காரை எடுத்தீங்க. இந்தப் பக்கம் ஐயா கண்ணைத் திறந்தாரு."

"டாக்டரைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"வந்தாரு. ஃபைலைப் பார்த்தாரு, எல்லாம் சீரா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. நிறுவனத்துல சொன்னேன், ஆய்வறிக்கை சுத்தமா இருக்கேன்னாங்க. அவர் பொண்ணு வெளியூர்லேர்ந்து தினம் போன் பண்ணுது. அப்பா எவ்வளவு தெளிவா பேசுறாருன்னு அதுக்கு ஒரே சந்தோஷம்."

பேச்சு. ஒன்பதாவது கேள்வி. பேச்சு போனவருக்கு 'தெளிவாக உள்ளது' என்று போட்டிருக்கிறாள்.

அப்போது சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. குழறல் இல்லாமல், செய்தி வாசிப்பவரைப்போல அட்சரம் பிசகாமல் வந்தது.

"யாரும்மா அது? வண்டி நிக்க மாட்டேங்குது. இறக்கத்துல போய்க்கிட்டே இருக்கு, பிரேக் பிடிக்கல. யார்கிட்டயாவது சொல்லி நிறுத்தச் சொல்லுங்கம்மா."

தலை அசையவில்லை. தோள் அசையவில்லை. குரல் மட்டும்.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் சுவர் இடித்தது.

"ஒண்ணும் பெரிய வேலை இல்ல மேடம்" என்று பராமரிப்புப் பெண் எழுந்து போர்வையின் நுனியைப் பிடித்தாள். "பாருங்க. பார்த்ததை எழுதுங்க. இறந்துட்டாருன்னு ஒரு வரி, கீழ உங்க கையெழுத்து. அவரும் போயிடுவாரு, நானும் வீட்டுக்குப் போயிடுவேன். என் குழந்தை என்னை மறந்திருக்கும்."

போர்வை விலகியது.

எட்டாவது கேள்வி: தோலில் புண் இல்லை. இல்லைதான். முதுகில் ஒரு தழும்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை, புதுப் பந்தைப்போல வழவழவென்று பளபளத்தது. தோல் மட்டும்தான் அப்படி இருந்தது. உள்ளே எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் நிற்கவில்லை. அவர் மூச்சு விட்டபோது அந்தத் தோலுக்குள் ஏதோ கெட்டியாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் சரிந்தது. அதன் சத்தம் அவளுக்குக் கேட்டது. நாற்றம் மட்டும் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

எழுது. எழுதிவிடு.

பேனாவைத் திறந்தாள். இறந்துவிட்டார் என்று எழுதலாம். எப்போது? ஆறு மாதத்துக்கு முன்பு. அப்படியென்றால் அன்று நேரில் பார்த்தது யார்? ஒரு கேள்வி வந்தால் மறு கேள்வி வரும். மற்ற கோப்புகளையும் தோண்டுவார்கள். வருடத்துக்கு எத்தனை வீடு, எத்தனை நான்காம் பக்கம். வேலை போகும், மானம் போகும், பிள்ளைகளின் முகத்தில் விழிக்க முடியாது.

பயந்த மனசு எப்போதும் ஒரு சந்துக்குள் புகுந்து தப்பிக்கப் பார்க்கும். அவளுடைய மனசுக்கு அந்தச் சந்து முதல் பக்கத்திலேயே இருந்தது. வீட்டில் ஆளில்லாவிட்டால் டிக் செய்கிற சின்னக் கட்டம். யாருக்கும் கெடுதல் இல்லாத கட்டம். 'வீடு பூட்டியிருந்தது. அடுத்த ஆய்வு ஆறு மாதம் கழித்து.' அதற்குள் மாற்றல் வாங்கிக்கொள்ளலாம். வேறு யாராவது வந்து பார்த்துக்கொள்ளட்டும். 'வேறு யாராவது' யார் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

டிக் செய்தாள். கையெழுத்துப் போட்டாள்.

"எழுதிட்டீங்களா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அந்தக் குரலில் இருந்த நம்பிக்கையைக் கேட்டு இவளுக்கு அழுகை வந்தது.

வாசல் பக்கம் சத்தம்.

கதவு சாத்திக்கொள்ளும் சத்தம். தாழ்ப்பாள். அதன்பின், வெளியே, பூட்டு ஒன்று அழுத்தி மூடப்படும் சத்தம்.

ஓடினாள். டப்பாக்கள் சரிந்தன. கதவை இழுத்தாள், குத்தினாள், தோளால் இடித்தாள். அசையவில்லை. கூடத்துச் சன்னல் கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். வெயிலில் டிரைவர் வந்துகொண்டிருந்தார். படியேறி வந்தார். பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே! உள்ள இருக்கேன்! அண்ணே!"

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள். நான்கடி தூரத்தில் நின்றவர் தலையைச் சொறிந்துகொண்டு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பூட்டிய வீட்டுக்குள் யார் இருக்கப் போகிறார்கள்? படியிறங்கிப் போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

படிவத்தை எடுத்து அந்த வரியை அடித்தாள். பேனா தாளைக் கிழிக்கிற மாதிரி, குறுக்கும் நெடுக்குமாக அடித்தாள். பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதை அவளே எத்தனையோ பேருக்குக் கண்டிப்போடு சொல்லியிருக்கிறாள். அடித்தல் திருத்தல் செல்லாது.

தட்டுத்தடுமாறி அறைக்குத் திரும்பினாள். போக வேறு இடமில்லை.

பராமரிப்புப் பெண் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். நெடுநேரம் படித்தாள்.

"அடுத்த தடவை யார் மேடம் வருவாங்க?"

இந்தப் பகுதிக்கு ஒரே ஆய்வாளர் அவள்தான்.

அந்தப் பெண் இன்னொரு முக்காலியை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள். "உக்காருங்க. நாலு மணி ஆச்சு. இப்பத் திரும்புவாரு."

ஏழாவது கேள்வி. இரண்டு மணி நேரத்துக்கொரு முறை நோயாளி புரட்டிப் படுக்க வைக்கப்படுகிறாரா?

யாரும் தொடவில்லை. கட்டில் கிறீச்சிட்டது. தோலுக்குள் அந்தக் கனம் சரிந்தது. முதலில் இடுப்பு. பிறகு தோள். கடைசியில் தலை, கொஞ்சம் கொஞ்சமாக, சுவரை விட்டு இந்தப் பக்கம்.

ஒன்பது தெரியும். பதினொன்று தெரியும். பத்தாவது கேள்வி என்ன?

நினைவு வந்தபோது முகம் முழுவதும் திரும்பியிருந்தது. நோயாளி மகிழ்ச்சியாக இருக்கிறாரா?

கண்கள் அவளையே பார்த்துக் கெஞ்சின. நீர் வழிந்து மூக்கைத் தாண்டித் தலையணையில் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, ஆறு மாதமாக மூட முடியாத வாய், காது வரை இழுபட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.