கெட்டுப்போன தடுப்பூசிகள்

துப்பறிவாளரின் அறைக்குள் வந்த டீச்சருக்கு மூச்சு வாங்கியது. மேசை மின்விசிறியின் பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் சார்ஜரைச் செருகினார். "நாள் முழுக்க போன்தான் சார்" என்றபடி உட்கார்ந்தார்.

பள்ளிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் வேலை பழக அனுப்பும் பொறுப்பு அவருடையது. லேசுப்பட்ட காரியமா அது! கேட்ட இடமெல்லாம் கையை விரிக்கும். காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பிடித்த இடங்களில் ஒன்று, கால்நடை மருத்துவமனை.

"நேத்து ராத்திரி முழுக்க அங்க ஃபிரிட்ஜ் ஓடலை சார். தடுப்பூசி அத்தனையும் பாழ். கடைசியா அறையைப் பூட்டினது எங்க ஸ்கூல் பொண்ணு. டாக்டர் தாம்தூம்னு குதிக்கிறார். சாயந்தரத்துக்குள்ள அவ ஒத்துக்கலைன்னா, இனிமே எங்க பிள்ளைங்க யாரையும் சேர்க்க மாட்டாராம். அவளோ, தொடவே இல்லைங்கிறா."

துப்பறிவாளர் வாய் திறக்கும் முன்பே அவருடைய மைத்துனர் துள்ளினார். "பெருக்கும்போது துடைப்பம் தட்டி பிளக் கழண்டிருக்கும் அத்தான்! கேஸ் முடிஞ்சுது."

"கொஞ்சம் பொறு மாப்ளே. டீச்சர், பிளக் எங்க கிடந்துது?"

"ஃபிரிட்ஜ் மேல இருந்ததா டாக்டர் சொன்னார்."

"அப்ப தானா விழலை. யாரோ கையால எடுத்து வெச்சிருக்காங்க. திரும்பச் செருக மறந்துட்டாங்க. அங்க வேற பிளக் பாயின்ட் இருக்கா?"

"கிடையாது, அந்த ஒண்ணுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயந்தரம் போயிருந்தேனே. ஒவ்வொரு பிள்ளையும் வேலை செய்யறதைப் படம் எடுத்து அவங்க வீட்டுக்கு அனுப்பணும். அதுதான் கடைசி இடம்."

மைத்துனர் காலரைத் தூக்கி ஊதிக்கொண்டார். "என்ன புழுக்கம்! ஃபேன் ஏன் நின்னுச்சு?"

"கடைசி இடம்னா போன்ல சார்ஜ் இருந்திருக்காதே, டீச்சர்?" துப்பறிவாளரின் பார்வை மேசை ஓரத்துப் பிளக்கின் மேல் இருந்தது.

டீச்சரும் அதைப் பார்த்தார். அடக் கடவுளே, அந்த முகம் வெளுத்த வெளுப்பு! "நானா? ஐயோ, நானா சார்? காலையில அவளைத் திட்டாத திட்டில்லையே!"

"முதல்ல அவளுக்குப் போன் போடுங்க."

அவசரத்தில் ஸ்பீக்கரையும் சேர்த்து அழுத்திவிட்டார். அவர் பேசுவதற்குள், அழுது கம்மிய குரல் அறை முழுக்கக் கேட்டது.

"மிஸ், நான்தான் பிடுங்கினேன்னு டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டேன். இனிமே மத்தவங்களைச் சேர்த்துப்பாரு இல்ல?"